எலும்புக்குள் நுங்கு

வயிற்றுப் பொட்டு கடைகளுக்கு வந்த வருஷம் திண்டுக்கல்லில் முதலில் ஆட்டம் கண்டவை பிரியாணிக் கடைகள். மத்தியானமானால் தெருவே மணக்கும் ஊரில், மாஸ்டர்கள் வாசலில் வந்து நின்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டார்கள். அவர்களோ சிரித்துக்கொண்டே சட்டைக்கு மேல் வயிற்றைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனார்கள். அங்கே பொட்டு இருக்கிறது என்று அர்த்தம்.

உறையில் அச்சடித்திருந்த பெயர் 'நிறைவு வில்லை'. பழைய ஒரு ரூபாய்க் காசளவுதான் இருக்கும். மேல்வயிற்றில் ஒட்டிக்கொண்டால், இப்போதுதான் சாப்பிட்டாயிற்று என்று மூளைக்குச் சேதி சொல்லிக்கொண்டே இருக்கும். உடல் பெருத்த சர்க்கரைக்காரர்களுக்கு, டாக்டர் பார்வையில் கொஞ்ச காலம் மட்டும் வைப்பதற்காகச் செய்தார்கள். பிறகு அது சோப்பு, சீப்போடு சேர்ந்து பெட்டிக்கடைச் சரத்தில் தொங்க ஆரம்பித்தது.

ஜெசிந்தா அதை ஒட்டிக்கொண்டது உடம்பைக் குறைக்க அல்ல, நேரத்தை மிச்சம் பிடிக்க. அவளும் அவள் கணவன் சூசைமாணிக்கமும் 'வெண்புறா மெல்லிசைக் குழு' நடத்தி வந்தார்கள். அவள் பாட்டு, அவன் கீபோர்டு, ட்ரம்ஸுக்கு அப்பாஸ். முப்பது வயது அப்பாஸுக்கு ஜெசிந்தா மதினி, சூசை அண்ணன். கச்சேரிக்குக் கச்சேரி ஊர் ஊராக ஓடும்போது சாப்பாட்டுக்கு வேனை நிறுத்துவதில்தான் மூவருக்கும் எப்போதும் சண்டை வரும். ஒருவருக்கு இட்லி, ஒருவருக்குப் பரோட்டா, ஜெசிந்தாவுக்கு எங்கே நிறுத்தினாலும் தண்ணீர் சரியில்லை. பொட்டு வந்ததும் அந்தச் சண்டை ஓய்ந்தது. ஒரு வாழைப்பழத்தை மூன்றாகப் பிட்டுத் தின்றுவிட்டு நாள் முழுக்கப் பாடினார்கள்.

அந்த மாதங்களைப் போல அவர்கள் வாழ்நாளில் சிரித்ததில்லை. உடம்பு பஞ்சாகிவிட்டது. தலைக்குள் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டது போல ஒரு வெளிச்சம். ஜெசிந்தா முன்னெப்போதும் எட்டாத சுருதியைத் தொட்டாள். தொட்ட இடத்திலேயே நின்றுகொண்டு கையை வேறு ஆட்டினாள். சூசைக்கு மெட்டு கொட்டிக்கொண்டே இருந்தது. பல் துலக்கும்போது ஒன்று, வேனில் ஏறும்போது ஒன்று. வத்தலக்குண்டு சாலையில் வேனின் டயர் வெடித்தபோது, அந்தச் சத்தம் என்ன சுருதி என்று மூவரும் வாதாடத் தொடங்கி, சிரிப்பு தாளாமல் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். நத்தம் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பில் பந்தியில் ஆளே இல்லை. மாப்பிள்ளை, மாமனார், பரிமாற வந்தவர்கள் எல்லோரும் மேடைக்கு முன்னால் ஆடினார்கள். கரண்டியும் கையுமாக நின்ற சமையல்காரரையும் மாப்பிள்ளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

ரவிக்கையை ஜெசிந்தா திரும்பத் திரும்பப் பிடித்துத் தைத்தாள். அப்பாஸின் பேண்ட் பெல்ட்டுக்குப் புது ஓட்டைகள் போட வேண்டியிருந்தது. பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வந்தால் பிரஷ் சரியில்லை என்றாள். அப்பாஸின் முழங்கையில் நாவற்பழ நிறத்தில் திட்டுத் திட்டாகக் கன்றியிருந்ததை, ட்ரம்ஸ்காரனுக்கு இதெல்லாம் பதக்கம் என்று அவனே சொல்லிக்கொண்டான். சூசைக்குச் சளி பிடித்து மாதக்கணக்காக விடவில்லை. மூக்கால் பாடுவதும் ஒரு பாணிதான் என்று அதற்கும் ஒரு மெட்டுப் போட்டான்.

பொட்டுக் கம்பெனியின் வட்டார மேலாளர் கிருபாகரன் அவர்களை ஒரு கச்சேரியில் பார்த்துவிட்டு, அப்படியே மயங்கிப்போனார். இப்படி மூன்று விளம்பரங்களை நான் காசு கொடுத்தாலும் செய்ய முடியாது என்றார். மாதா மாதம் புதுப் பொட்டு அவரே கொண்டுவந்து கொடுத்தார். ராமநாதபுரம் கடலோரத்தில் எழும்பிக்கொண்டிருந்த பெரிய சூரிய மின் பண்ணையில், ஆயிரக்கணக்கான வேலையாட்கள் தங்கியிருக்கும் முகாமில், அடுத்து ஒரு கச்சேரி என்று முடிவாயிற்று. முகாமில் எல்லோருக்கும் பொட்டுதான் என்று அவர் பெருமையாகச் சொன்னார்.

அதற்கு முன்னால் ஒட்டன்சத்திரத்தில் காய்கறி வியாபாரிகள் சங்க விழா வந்தது.

அன்று சாயங்காலம் அப்பாஸ் வாசித்தது போல யாரும் வாசித்திருக்க மாட்டார்கள். வேகம் ஏற ஏற அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே வாசித்தான், சிரித்துக்கொண்டே பின்பக்கம் சாய்ந்தான், குச்சிகளோடு மேடைக்குப் பின்னால் போய்விட்டான். கூட்டம் அதையும் நிகழ்ச்சியில் சேர்த்துக் கைதட்டியது. ஜெசிந்தாவும் சிரித்துக்கொண்டுதான் திரும்பிப் பார்த்தாள். ட்ரம்ஸின் வெள்ளைத் தோல் முழுக்கச் சிவப்பாக இருந்தது. அவன் மூக்கிலிருந்து வந்த ரத்தம். எத்தனை பாட்டாக ஒழுகிக்கொண்டிருந்ததோ, அவனுக்கும் தெரியவில்லை, பக்கத்தில் நின்றவர்களுக்கும் தெரியவில்லை.

மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்தார்கள். ரத்தநோய்ப் பிரிவில் யசோதரா என்ற டாக்டர். ஐம்பது வயதைத் தாண்டியவர், பருமனான உடம்பு, வாயில் எப்போதும் கடலைமிட்டாய். அப்பாஸின் ரத்தத்தைச் சோதித்தவர் மிட்டாயை மெல்லுவதை நிறுத்திவிட்டார். சிவப்பணு, வெள்ளையணு, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு மூன்றின் எண்ணிக்கையும் தரைமட்டத்தில் கிடந்தது. புற்றுநோயோ என்ற சந்தேகத்தில், அவன் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்.

மறுநாள் ஜெசிந்தாவையும் சூசையையும் அறைக்குள் அழைத்துத் திரையில் ஒரு படத்தைக் காட்டினார். வெளிறிய ரோஸ் நிறத்தில் வழவழவென்று ஏதோ பரவியிருந்தது.

"புற்றுநோய் இல்லை. அது வரைக்கும் சந்தோஷம். ஆனா அவர் எலும்புக்குள்ள மஜ்ஜை இல்லை, நுங்கு மாதிரி ஒரு கூழ்தான் இருக்கு" என்றார்.

சூசைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. ஜெசிந்தாவுக்கும் தொற்றிக்கொண்டது. டாக்டர் கோபப்படாமல் இருவரையும் உற்றுப் பார்த்தார். பிறகு கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், நகத்தை அழுத்திப் பார்த்தார், கடைசியில் வயிற்றைக் காட்டச் சொன்னார். இரண்டு வயிற்றிலும் பொட்டு இருந்தது.

"இந்தச் சிரிப்பு உங்களுது இல்லம்மா. பட்டினி உடம்புக்குக் குடுக்குற சாராயம் இது" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். பட்டினி கிடக்கும் உடம்பு, வருமானம் நின்றுபோன குடும்பத்தைப் போல வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்னும். முதலில் வயிற்றுக் கொழுப்பு, அடுத்து தசை. எல்லாம் தீர்ந்த பிறகுதான் எலும்புக்குள் கை வைக்கும். ரத்தம் ஊறுவது அங்கேதான். அந்த இடத்தை மெத்தை போலத் தாங்கி நிற்பது கொஞ்சம் கொழுப்பு. அதையும் உருக்கித் தின்றுவிட்டு, காலியான இடத்தில் உடம்பு இந்தக் கூழை நிரப்பி வைக்கிறது. கூழுக்குள் ரத்தம் விளையாது. காயம் ஆறாது, கிருமி வந்தால் எதிர்க்க ஆளிருக்காது, காய்ச்சல்கூடச் சரியாக வராது. சாப்பிட்டால் எல்லாம் திரும்பி வரும். அதையும் அவசரப்படாமல் கஞ்சியில் ஆரம்பிக்க வேண்டும். காய்ந்து கிடக்கும் உடம்பில் ஒரே நாளில் விருந்தைக் கொட்டினால் இதயமே நின்றுவிடும்.

இருவரும் பொட்டைப் பிய்த்துப் போட்டார்கள். வார்டிலேயே அப்பாஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அளந்து கஞ்சி குடித்தார்கள். பசிதான் வரவில்லை. பள்ளிக்கூடத்துப் பாடம் போல ஒவ்வொரு கரண்டியையும் முடித்தார்கள்.

அப்போதுதான் ஜெசிந்தா பேச்சுவாக்கில் கடலோர முகாமைச் சொன்னாள். டாக்டர் யசோதரா எத்தனை பேர் என்று கேட்டார். அவள் சொன்னாள். கம்பெனியை விசாரித்தால் கதவைச் சாத்துவார்கள், புகார் எழுதினால் பதில் வர ஒரு மழைக்காலம் போய்விடும் என்று டாக்டர் தனக்குத்தானே பேசிக்கொண்டார். பிறகு, உங்கள் குழுவில் ஓர் ஆள் குறைகிறதல்லவா என்று கேட்டார்.

அடுத்த வாரம், ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் அவர்கள் வேனில், பளபளக்கும் ஊதாச் சேலை கட்டிக்கொண்டு, கையில் ஜால்ராவோடு டாக்டர் யசோதரா ஏறினார். தாளம் என்றால் என்னவென்றே தெரியாத ஆள். சூசை பரமக்குடி வரைக்கும் சொல்லிக்கொடுத்தும் ஜால்ரா அவர் இஷ்டத்துக்குத்தான் அடித்தது. கடைசியில், வாயை மட்டும் அசையுங்கள், ஜால்ராவை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள் என்று ஜெசிந்தா கெஞ்ச வேண்டியதாயிற்று. டாக்டரோ, மருத்துவக் கல்லூரியில்கூட என்னை யாரும் இப்படி அவமானப்படுத்தியதில்லை என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் ஊதாக் கைப்பைக்குள் விரலில் குத்தும் ஊசிகளும், ஒரு சொட்டு ரத்தத்தில் கணக்குச் சொல்லும் சின்ன இயந்திரமும் இருந்தன.

முகாம் திருவிழா மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடல் காற்று, கண்ணுக்கெட்டிய தூரம் கண்ணாடித் தகடுகள். சமையற்கூடம் இருந்த இடம் இறகுப்பந்து மைதானமாகியிருந்தது. அடுப்புகளை ஓரங்கட்டிவிட்டுக் கோடு போட்டு வலை கட்டியிருந்தார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு சத்துப்பானப் பாக்கெட். முதலில் மூன்று கொடுத்தார்களாம், யாருமே கேட்காததால் ஒன்றாகிவிட்டதாம். கிருபாகரன் இதையெல்லாம் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே மேடை வரை கூட வந்தார். அவரே கன்னம் ஒட்டி, சட்டைக்குள் தொலைந்துபோனவர் போலத்தான் இருந்தார்.

முதல் பாட்டிலேயே முகாம் எழுந்து ஆடியது. பீகார்க்காரர்கள், ஒடிசாக்காரர்கள், கமுதி முதுகுளத்தூர்ப் பெண்கள், எல்லோரும் குச்சியாய், எல்லோரும் சிரித்துக்கொண்டு. ஜெசிந்தாவுக்கு அந்தச் சிரிப்பு தெரிந்த சிரிப்பு. தன் பழைய முகத்தை ஆயிரம் கண்ணாடியில் பார்ப்பது போலிருந்தது அவளுக்கு. ஆனாலும் பாட்டை விடவில்லை. டாக்டர் மேடைக்குக் கீழே ஒரு மூலையில், ஒரு சொட்டு ரத்தம் கொடுத்தால் உங்கள் அதிர்ஷ்டப் பாட்டு எதுவென்று சொல்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். வரிசை கட்டி வந்து விரலை நீட்டினார்கள். வாயில் வந்த பாட்டையெல்லாம் அவர் சொல்லி அனுப்பினார். வேடிக்கை பார்க்க வந்த கிருபாகரனும் விரலை நீட்டினார். இயந்திரம் காட்டிய கணக்குகளைப் பார்க்கப் பார்க்க டாக்டரின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

வரிசையில் வந்தவர்களில் சந்தனமாரி ஒருத்தி. முதுகுளத்தூர்ப் பக்கம், முப்பது இருக்கும். உதட்டோரம் புண், முழங்காலில் ஆறாத காயம். டாக்டர் தாழ்ந்த குரலில் அவளிடம் பொட்டை எடுத்துவிடச் சொன்னார். அவள் வயிற்றைக் கையால் மூடிக்கொண்டாள். அந்தப் பாட்டு முடிந்து ஜெசிந்தாவும் இறங்கி வந்திருந்தாள்.

"எடுக்க மாட்டேன்க்கா. பெறந்ததுலருந்து பசி இல்லாம இருக்குறது இந்த ஒரு வருசந்தான். இதைப் பறிச்சுக்கிட்டுப் போவாதீக" என்று சந்தனமாரி ஜெசிந்தாவைப் பார்த்துச் சொன்னாள்.

சாப்பாட்டுக்காக வேனை நிறுத்த மனமில்லாமல் பொட்டு வைத்தவள் ஜெசிந்தா. இவளுக்கு என்ன சொல்வது? சந்தனமாரியின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, அப்பாஸ் விழுந்ததைச் சொன்னாள். எலும்புக்குள் இருந்த கூழைச் சொன்னாள். எடுக்க வேண்டாம், இந்த டாக்டரம்மா அதைப் பார்க்க மட்டும் விடு, திரும்ப ஒட்டித் தந்துவிடுவார் என்றாள். சந்தனமாரி பொட்டை உரித்துக் கொடுத்தாள்.

அதன் சேதி கைபேசியில் விழுகிறதா என்று பார்க்க, டாக்டர் அதைக் கைபேசி மேல் வைத்தார். திருப்பி வைத்தார். நகத்தால் விளிம்பைக் கீறிப் பிரித்துப் பார்த்தார். இன்னும் நாலைந்து பேரிடம் வாங்கிப் பார்த்தார்.

"இது செத்துப்போய் மாசக்கணக்காச்சு. உள்ள மின்சாரமே இல்லை. வெறும் ஸ்டிக்கர்" என்றார்.

ஜெசிந்தா கிருபாகரனைப் பார்த்தாள். அவர் எச்சில் விழுங்கினார். முகாமுக்கு ஒரு தடவைதான் கொடுத்தோம், மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை, யாருக்கும் பசிக்கவும் இல்லை, அதனால் மேலிடத்தில் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றார்.

"அப்புறம் எனக்கு ஏன் பசிக்கல?" என்று சந்தனமாரி கேட்டாள்.

"உன் உடம்பு கேட்டுக் கேட்டுப் பார்த்துச்சும்மா. கிடைக்காதுன்னு தெரிஞ்சதும் கேக்குறதை விட்டுடுச்சு" என்றார் டாக்டர்.

அவள் அந்தச் செத்த பொட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எங்காத்தாளும் இப்புடித்தான் சொல்லும். எனக்குப் பசிக்கலத்தா, நீ தின்னுன்னு" என்றாள். அப்புறம் எழுந்து, ஜெசிந்தாவின் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டு மேடை ஏறினாள். அவள் பேசியது நாலு வாக்கியம்கூட இராது. பொட்டு வேலை செய்யவில்லை, நமக்குள் ரத்தம் விளையவில்லை, நமக்குச் சோறு போட வேண்டும். ஒரு பீகார்க்காரர் அதை இந்தியில் திருப்பிச் சொன்னார். ஆட்டம் நின்றது. வலையைப் பிடுங்கும் சத்தம் மட்டும் கேட்டது; இறகுப்பந்து மைதானம் மறுபடி அடுப்பாகிக்கொண்டிருந்தது.

வம்பு அங்கே முடியவில்லை. முகாம் மேற்பார்வையாளர் பயந்துபோய், கூட்டத்தைச் சமாதானப்படுத்த நினைத்து, ராமநாதபுரத்திலிருந்து வண்டி வண்டியாகப் பரோட்டாவும் சால்னாவும் வரவழைத்துவிட்டார். வாசனையோடு வண்டிகள் உள்ளே நுழைந்ததைப் பார்த்த டாக்டர், ஊதாச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து முன்னால் போய் நின்றார். கோபத்தில் இருக்கும் கூட்டம், பசியே இல்லாவிட்டாலும், உரிமை என்று வயிறு முட்டத் தின்னும். தின்றால் நாளைக் காலைக்குள் சிலர் எழுந்திருக்க மாட்டார்கள் என்று ஜெசிந்தாவின் காதில் சொன்னார். இவர்களை நிறுத்த என்னால் முடியாது, உன்னால்தான் முடியும் என்றார்.

ஜெசிந்தா மேடை ஏறினாள். அவளுக்குத் தெரிந்தது பாட்டு ஒன்றுதான். சூசை கீபோர்டில் தாலாட்டை விடக் கொஞ்சம் வேகமாக, நடையை விடக் கொஞ்சம் மெதுவாக ஒரு மெட்டைப் பிடித்தான். அவள் வாயில் வந்ததைப் பாடினாள்.

"ஆறட்டும் கஞ்சி ஆறட்டும், அவசரமெல்லாம் போகட்டும். ஒரு வாய் முழுங்கு, ஒரு தரம் சிரி, அடுத்த வாய் அடுத்த அடியில் வரட்டும்."

பக்கத்துக் கிராமத்தில் வாங்கி வந்த அரிசியில், மைதானத்து அடுப்பில் சந்தனமாரி கூட்டாளிகளோடு கஞ்சி காய்ச்சினாள். பாட்டின் அடிக்கு ஒரு கரண்டி என்பது சட்டமாயிற்று. அடி முடிவதற்குள் குடித்தவனைப் பக்கத்தில் இருந்தவர்கள் கேலி செய்தார்கள். தமிழ் தெரியாதவர்கள் ராகத்தைப் பிடித்துக்கொண்டு குடித்தார்கள். பரோட்டா வண்டிகளைப் பக்கத்துக் கிராமங்களுக்குத் திருப்பி அனுப்ப, அங்கே பிள்ளைகள் கூச்சலிட்டு வரவேற்ற சத்தம் முகாம் வரை கேட்டது. டாக்டர் மிதப்பில் ஜால்ராவை எடுத்து அடிக்கத் தொடங்கினார். அன்றைக்கு யாரும் தடுக்கவில்லை. தாளம் தப்பிய இடத்திலெல்லாம் கூட்டம் கரண்டியை நிறுத்திக்கொண்டு காத்திருந்தது.

மேடை விளிம்பில் கிருபாகரன் உட்கார்ந்திருந்தார். இயந்திரத்தில் எல்லோரையும் விடக் குறைவாக வந்த கணக்கு அவருடையதுதான். அவர் விற்ற சரக்கை அவர் முழுசாக நம்பியிருந்தார். டாக்டர் அவர் கையிலும் ஒரு கிண்ணத்தைக் கொடுத்தார். பின்னால் விசாரணை வந்தபோது மேலிடத்து உத்தரவுகளை ஒன்றுவிடாமல் சொன்னவர் அவர்தான். பெட்டிக்கடைச் சரங்களிலிருந்து பொட்டு காணாமல் போனது.

ரொம்பவும் மெலிந்துபோனவர்களை மதுரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். சந்தனமாரியும் வந்தாள். அப்பாஸ் அந்த வார்டுக்கே ராஜா மாதிரி படுத்திருந்தான். எவர்சில்வர் தட்டில் விரலால் தாளம் போட்டு, சாப்பாட்டு நேரம் வந்தால் பாட்டையும் அவனே எடுத்துக்கொடுத்தான். ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒரு காலையில் ஜெசிந்தா பேசிக்கொண்டிருக்கும்போது வயிறு கடமுடவென்று உருண்டது. பேச்சை நிறுத்திவிட்டு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். என்ன என்று பதறிய சூசையிடம், பசிக்குதுங்க என்று அழுதுகொண்டே சிரித்தாள். அது அவளுடைய சொந்தச் சிரிப்பு. அடுத்தடுத்த வாரங்களில் ஒவ்வொரு கட்டிலாக அந்தச் சத்தம் வந்தது. வரும்போதெல்லாம் அப்பாஸ் தட்டில் ஒரு உருட்டு உருட்டினான்.

சந்தனமாரி கொஞ்சம் தேறியதும் ஊருக்குப் போய் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். குருவம்மாள் என்று பெயர். ஒடிசலான மனுஷி, படியேறி வந்ததற்கே மூச்சு வாங்கியது. அம்மாவையும் பார்த்துவிடுங்கள் என்று மகள் கேட்க, டாக்டர் ரத்தத்தைச் சோதித்தார். கணக்கு அப்படியே முகாம் கணக்கு. இடுப்பெலும்பில் ஊசி போட்டு எடுத்ததும் அதே கூழ்தான்.

டாக்டருக்குக் கோபம் வந்தது. கிராமங்கள் வரைக்கும் கொண்டுபோய் விற்றிருக்கிறார்களே என்று நினைத்தார்.

"இந்தப் பொட்டை எத்தனை மாசமா வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

குருவம்மாளுக்கு விளங்கவில்லை. கை தானாக வெறும் நெற்றியைத் தடவியது.

"பொட்டா? இவ அப்பா போனதுலருந்து நான் பொட்டே வைக்கிறதில்லையே டாக்டரம்மா" என்றாள்.

டாக்டர் யசோதரா வாயிலிருந்த கடலைமிட்டாயை மெல்லுவதை மறந்தார். சந்தனமாரி அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று மத்தியானமே மகளின் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில் குருவம்மாளுக்குக் கிடைத்தது. கஞ்சி வந்ததும் பழக்கதோஷத்தில் பாதியை மகளின் கிண்ணத்தில் ஊற்றப் போனாள். மகள் கிண்ணத்தை மூடிக்கொண்டாள். ஜெசிந்தாவும் சூசையும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, அவள் ஒவ்வொரு வாயாகக் குடித்து முடிக்கும் வரை நகரவில்லை. எத்தனையோ நாள் அப்படியே போயிற்று. ஒரு நாள் கிண்ணத்தைக் கீழே வைக்காமல், உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு, வெட்கப்பட்ட குரலில் குருவம்மாள் கேட்டாள்:

"இன்னுங் கொஞ்சம் இருக்குமாத்தா?"

ஓடக் கூடாது என்று சொல்லப்பட்டிருந்த அப்பாஸ் கட்டிலிலிருந்து குதித்துச் சமையலறைக்கு ஓடினான். எதிரே வந்த டாக்டர் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார்.